நான்-காம்பெடிட்டிவ் என்று எழுதிவைத்த ஒரு தடுப்பு: நிகழ்வு ஆய்வு

பின்னணி

தமிழ்நாட்டில் உயிர்வேதியியல் முதுகலை இருக்கிற கல்லூரிகளில், ப்ராஜெக்ட் பருவத்தில் ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் (சர்க்கரைச் சங்கிலியிலிருந்து குளுக்கோஸை வெட்டும் நொதி) அஸ்ஸே, அதாவது அளவீட்டுச் சோதனை, ஓடாத ஆய்வகத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஈஸ்டிலிருந்து எடுத்த நொதி சுலபமாகக் கிடைக்கிறது. நொதி உடைக்கும் தளப்பொருளான பி-என்.பி.ஜி. உடைந்தால் நைட்ரோஃபீனால் வெளிவருகிறது. கடைசியில் சோடியம் கார்பனேட் ஊற்றினால் பளிச்சென்ற மஞ்சள் நிறம். 405 நானோமீட்டரில் பிளேட் ரீடர் (சிறு குழிகள் கொண்ட தட்டில் நிறத்தின் அளவைப் படிக்கும் கருவி) படித்துவிடும். சர்க்கரை நோய்க்கான மூலிகை ஆய்வு என்று தலைப்பும் அமைந்துவிடுகிறது.

இங்கே சொல்லப்போகும் நிகழ்வும் அப்படி ஒரு ப்ராஜெக்ட்தான். ஒரு மாணவி, நாட்டு மூலிகை ஒன்றின் இலையிலிருந்து பிரித்துச் சுத்தம் செய்த ஒரு ஃபிளாவனாய்டை (தாவரச் சேர்ம வகைகளில் ஒன்று) இந்த நொதியின்மேல் சோதித்தார். 20 மைக்ரோமோலாரில் நொதியின் வேகம் பாதியாகக் குறைந்தது. தடுப்பின் வகை என்ன என்று பார்க்க லைன்வீவர்-பர்க் படம் (தளப்பொருள் செறிவின் தலைகீழுக்கு எதிராக வேகத்தின் தலைகீழை வரைவது) போட்டார். கோடுகள் கிடைமட்ட அச்சிலேயே சந்தித்தன. நான்-காம்பெடிட்டிவ் (தளப்பொருளோடு போட்டியிடாத தடுப்பு) என்று எழுதியாகிவிட்டது. கட்டுரை வரைவு தயாரானதும், அனுப்புவதற்கு முன் ஒருமுறை பார்த்துத் தரும்படி அவருடைய வழிகாட்டி கேட்டார். தரவு என் கைக்கு வந்தது அப்படித்தான். தாவரத்தின் பெயர், சேர்மத்தின் பெயர், கல்லூரி எதுவும் இங்கே வேண்டாம். இந்தக் கதை எந்தத் தாவரத்துக்கும் பொருந்தும்.

முதலில் கையில் இருந்தது

தளப்பொருள் செறிவு 1, 2, 3, 4 மில்லிமோலார். தடுப்பான் 0, 10, 20 மைக்ரோமோலார். ஒவ்வொரு குழியிலும் 20 நிமிடம் வினை நடந்த பிறகு கார்பனேட் ஊற்றி ஒரே ஒரு அளவீடு. தடுப்பான் இல்லாத வரிசையிலிருந்து வந்த கே-எம் (வேகம் உச்சத்தில் பாதியாகும் தளப்பொருள் செறிவு) சுமார் 0.25 மில்லிமோலார், வி-மேக்ஸ் (உச்ச வேகம்) நிமிடத்துக்குச் சுமார் 6 மைக்ரோமோலார். கோடுகள் பார்க்க அழகாக இருந்தன. ஆர்-ஸ்கொயர் (கோடு புள்ளிகளோடு பொருந்தும் அளவு; 1 என்றால் முழுப் பொருத்தம்) எல்லாம் 0.98-க்கு மேல்.

அந்த அழகுதான் முதலில் என்னை நிறுத்தியது. கே-எம் 0.25 என்றால், எடுத்துக்கொண்ட நான்கு செறிவுகளும் கே-எம்மைப்போல நான்கு முதல் பதினாறு மடங்கு. நொதி ஏற்கெனவே நிறைந்து கிடக்கும் பகுதி அது. 2 மில்லிமோலாரில் வேகம் வி-மேக்ஸில் 89 சதவீதம், 4 மில்லிமோலாரில் 94 சதவீதம். தளப்பொருளை இரண்டு மடங்காக்கியும் வேகம் ஏறுவது 6 சதவீதம்தான். சாதாரண பிப்பெட் பிழைக்குள்ளேயே அது அடங்கிவிடும். அப்படிப்பட்ட புள்ளிகளிலிருந்து கோட்டை இடப்பக்கம் நீட்டி, அச்சை எங்கே வெட்டுகிறது என்று பார்த்துத்தான் கே-எம் மாறவில்லை என்று சொல்லியிருந்தார்கள்.

படத்தை விட்டுவிட்டு எண்களுக்கு வந்தது

வகையைக் கண்டுபிடிக்க எந்தச் செறிவில் அளக்க வேண்டும் என்பதை ஒரு தாளில் போட்டுப் பார்த்தோம். தடுப்பானின் செறிவு அதன் கே-ஐக்குச் (தடுப்பான் நொதியோடு பிணையும் வலிமையைச் சொல்லும் மாறிலி; சிறிதானால் தடுப்பு வலிது) சமம் என்று வைத்துக்கொண்டால் கணக்கு லேசாகிவிடும்.

4 மில்லிமோலாரில், அதாவது பதினாறு கே-எம்மில், காம்பெடிட்டிவ் தடுப்பான் (தளப்பொருளின் இடத்துக்கே போட்டியிடுவது) வேகத்தை 6 சதவீதம்தான் குறைக்கும். நான்-காம்பெடிட்டிவ் 50 சதவீதம் குறைக்கும். அன்காம்பெடிட்டிவ் (தளப்பொருள் ஏறிய நொதியோடு மட்டும் பிணைவது) 48.5 சதவீதம். அதாவது இந்த உயரத்தில் காம்பெடிட்டிவ் தனியாகத் தெரியும். மற்ற இரண்டுக்கும் நடுவே ஒன்றரை சதவீதம்தான் வித்தியாசம். எந்தப் பிளேட் ரீடராலும் அதைப் பிரித்துக் காட்ட முடியாது.

கீழே வந்து 0.05 மில்லிமோலாரில், கே-எம்மில் ஐந்தில் ஒரு பங்கில், நிலைமை தலைகீழ். அன்காம்பெடிட்டிவ் 14 சதவீதம்தான் தடுக்கும். காம்பெடிட்டிவ் 45, நான்-காம்பெடிட்டிவ் 50. இப்போது பின்னிரண்டும் ஒட்டிக்கொள்கின்றன.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. தளப்பொருள் மிகக் குறைவாக இருக்கும்போது வேகம் சொல்வது வி-மேக்ஸ் வகுத்தல் கே-எம் என்ற விகிதத்தை. மிக அதிகமாக இருக்கும்போது சொல்வது வி-மேக்ஸை மட்டும். காம்பெடிட்டிவ் தடுப்பான் முதலாவதைக் குறைக்கும், இரண்டாவதைத் தொடாது. அன்காம்பெடிட்டிவ் இரண்டாவதைக் குறைக்கும், முதலாவதைத் தொடாது. மிக்ஸ்ட் இரண்டையும் குறைக்கும். இரண்டையும் ஒரே அளவில் குறைத்தால் அதுதான் நான்-காம்பெடிட்டிவ். ஆக இரண்டு முனைகளிலும் அளக்காமல் வகை சொல்வதற்கில்லை. அந்த மாணவியின் தரவு ஒரு முனையை மட்டும் பார்த்திருந்தது. அதை வைத்து "தூய காம்பெடிட்டிவ் இல்லை" என்று சொல்லலாம். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது.

கீழ் முனைக்கு ஏன் போகவில்லை என்று கேட்டபோது, "குறைந்த செறிவில் ரீடிங் ஒழுங்காகவே வரவில்லை சார், அதனால் விட்டுவிட்டேன்" என்றார். ஒழுங்காக வராததற்கும் காரணம் தரவிலேயே இருந்தது. 0.05 மில்லிமோலாரில் ஆரம்ப வேகம் நிமிடத்துக்கு 1 மைக்ரோமோலார். 20 நிமிடம் அதே வேகத்தில் ஓடினால் இருந்த 50 மைக்ரோமோலாரில் 20 தீர்ந்துவிடும். தீரத் தீர வேகமும் குறையும். மைக்கேலிஸும் மென்டனும் 1913-இல் எழுதிய சமன்பாடு ஆரம்ப வேகத்துக்கானது. தளப்பொருளில் மூன்றில் ஒரு பங்கு கரைந்துபோன பிறகு எடுத்த சராசரிக்கு அது பொருந்தாது. இந்தக் குழிகளுக்கு 5 நிமிடம்தான் உச்சம்.

இன்னொரு சிக்கல் நிறத்தில். ஃபிளாவனாய்டுகள் காரத்தில் தாமே மஞ்சளாகும். கார்பனேட் ஊற்றியதும் தடுப்பானின் மஞ்சளும் நைட்ரோஃபீனாலின் மஞ்சளும் சேர்ந்து 405-இல் படியும். வரைவில் எல்லாக் குழிகளுக்கும் ஒரே பிளாங்க்கை (நொதியில்லாத குழியின் அளவீடு) கழித்திருந்தார்கள், அதுவும் தடுப்பான் இல்லாத பிளாங்க். வேகம் அதிகமுள்ள குழிகளில் இந்தப் பிழை தெரியாது. வேகம் குறைந்த குழிகளில், நொதி வேலை செய்யாமலே செய்ததுபோல ஒரு எண் வந்து உட்காரும். லைன்வீவர்-பர்க் படத்தில் கோட்டைப் பிடித்து இழுப்பவை இந்தப் புள்ளிகள்தான், ஏனென்றால் வேகத்தின் தலைகீழை எடுக்கும்போது சின்ன வேகத்தின் பிழை பெரிதாக ஊதிவிடும். 1934-இல் கையால் படம் போட்டவர்களுக்கு அந்த முறை உதவியது. இன்று நேரடியாகச் சமன்பாட்டையே தரவில் பொருத்தும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது; படத்தைப் பார்வைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

அக்கார்போஸ் பற்றிய ஒரு கிளைக்கதை

வரைவில் ஒரு வாக்கியம், எங்கள் சேர்மம் சர்க்கரை நோய் மருந்தான அக்கார்போஸைவிடப் பல மடங்கு வலிமையானது என்றது. வழிகாட்டிக்கு அது பெருமை. மாணவிக்கோ சந்தேகம்; அக்கார்போஸ் கிட்டத்தட்ட வேலையே செய்யாததால், வாங்கிய பொடி கெட்டுப்போயிருக்குமோ என்று இன்னொரு பாட்டில் கேட்டிருந்தார்.

பொடியில் கோளாறு இல்லை. ஈஸ்ட் நொதியை அக்கார்போஸ் மிக பலவீனமாகத்தான் தடுக்கும். அது மருந்தாக வேலை செய்வது நம் குடலின் குளுக்கோசிடேஸ்களிலும் கணைய அமைலேஸிலும். குடல் நொதிகள் ஜி.எச்-31 என்ற குடும்பம். ஈஸ்ட் நொதி ஜி.எச்-13. பெயர் ஒன்று, செய்யும் வேலையும் ஒன்று, அமைப்பு வேறு. ஈஸ்ட் நொதியில் அக்கார்போஸைத் தோற்கடித்ததாக எழுதப்படும் கட்டுரைகள் ஏராளம். அந்த ஒப்பீட்டுக்கு மருத்துவ மதிப்பு எதுவும் கிடையாது என்பது என் கருத்து. அந்த வாக்கியத்தை எடுத்துவிடலாம் என்றேன். வழிகாட்டி கொஞ்சம் தயங்கித்தான் எடுத்தார்.

சரி, அப்படியானால் காம்பெடிட்டிவ் தடுப்பு எப்படி இருக்கும் என்று இந்த அஸ்ஸேயில் காட்ட வேறு என்ன இருக்கிறது? மால்டோஸ். இந்த நொதி மால்டோஸையும் உடைக்கும், ஆனால் அதிலிருந்து நிறம் வராது. ஒரே இடத்துக்குப் போட்டி போடும் இரண்டாவது தளப்பொருள், நிறத்தை மட்டும் பார்ப்பவருக்குக் காம்பெடிட்டிவ் தடுப்பானாகவே தெரியும். எந்த ஆய்வகத்திலும் இருக்கும் சர்க்கரை. அதை ஒரு வரிசையாகச் சேர்க்க முடிவெடுத்தோம்.

நொதியின் அளவை மாற்றியபோது

செறிவுகளைத் திருத்தி மறுபடி அளப்பதற்கு முன் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. வி-மேக்ஸ் குறைந்து கே-எம் அப்படியே இருப்பது நான்-காம்பெடிட்டிவ் தடுப்பில் மட்டும் நடப்பதல்ல. நொதியில் ஒரு பகுதி எப்படியாவது காணாமல் போனாலும் அதே படம்தான் வரும். ஒரு பங்கு நொதி நிரந்தரமாகச் செயலிழந்தாலும் சரி, எங்காவது ஒட்டிக்கொண்டாலும் சரி, மீதி நொதி பழைய கே-எம்மோடு வேலை செய்துகொண்டிருக்கும். வேகத் தரவு இந்த வேறுபாட்டைக் காட்டாது.

இதைச் சோதிக்கச் செலவில்லாத வழி, தடுப்பானை 20 மைக்ரோமோலாரில் நிறுத்திவைத்து நொதியின் அளவை ஏற்றுவது. குழியில் நொதி நானோமோலார் அளவில்தான் இருக்கும். தடுப்பான் அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு. சாதாரண மீள்தடுப்பு (பிணைந்து விலகும் தடுப்பு) என்றால் நொதியை இரண்டு மடங்காக்கினாலும் ஐந்து மடங்காக்கினாலும் தடுப்புச் சதவீதம் அசையக் கூடாது. வினை நேரத்தை அதற்கேற்பக் குறைத்துக்கொண்டு மாணவி அளந்தார்.

பழைய அளவில் தடுப்பு 50 சதவீதம். நொதி இரண்டு மடங்கில் 25-ஐ ஒட்டி. ஐந்து மடங்கில் 10-ஐ ஒட்டி.

நொதியின் அளவுக்கு எதிராக வேகத்தை வரைந்தால், தடுப்பான் உள்ள கோடு மற்றதற்கு இணையாக, வலப்பக்கம் தள்ளி ஓடியது. மீள்தடுப்பு என்றால் கோடு பூஜ்யத்திலிருந்தே கிளம்பிச் சரிவு மட்டும் குறைந்திருக்கும். இங்கே ஒரு குறிப்பிட்ட அளவு நொதி விழுங்கப்பட்டு, மிச்சமெல்லாம் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. 20 மைக்ரோமோலார் சேர்மம் சில நானோமோலார் நொதியோடு தீர்ந்துபோகிறது என்றால் ஒன்றுக்கு ஒன்று என்ற பிணைப்புக் கணக்கு எப்படியும் உதைக்கும்.

டிட்டர்ஜென்ட் சேர்த்தது

சந்தேகம் திரள்களின் மேல் விழுந்தது. கரையச் சிரமப்படும் பல கரிமச் சேர்மங்கள் பஃபரில் (அமில-கார நிலையை மாறாமல் வைக்கும் கரைசல்) மைக்ரோமோலார் செறிவிலேயே ஒன்றாகத் திரண்டு கூழ்மத் துகள்களாகிவிடும். கண்ணுக்குக் கரைசல் தெளிவாகவே இருக்கும். பலாப்பால் பட்ட விரலில் தூசி அப்புவதுபோல அந்தத் துகள்களின் மேற்பரப்பில் புரதங்கள் ஒட்டிக்கொள்ளும். எந்த நொதி என்ற வேறுபாடு அதற்கு இல்லை. பிரையன் ஷாய்ஷெட்டின் குழு 2002-இல் இந்த இயங்குமுறையை விளக்கிய பிறகு, மருந்து ஆய்வில் இதைச் சோதிப்பது வழக்கமாகிவிட்டது. குவர்செட்டின் போன்ற பிரபலமான ஃபிளாவனாய்டும் இப்படித் திரளும் பட்டியலில் உண்டு.

சோதனை எளிது. பஃபரில் 0.01 சதவீதம் ட்ரைட்டான் எக்ஸ்-100 என்ற டிட்டர்ஜென்ட் சேர்த்தால் திரள்கள் கலையும். முதலில் ட்ரைட்டான் மட்டும் நொதியை ஏதாவது செய்கிறதா என்று பார்த்தோம்; வேகம் மாறவில்லை. அடுத்து 20 மைக்ரோமோலார் சேர்மத்தோடு. தடுப்பு பிழையளவுக்குள் மறைந்துவிட்டது.

நொதி வேதிப்பிணைப்பால் நிரந்தரமாகச் செத்திருந்தால் ட்ரைட்டான் அதை உயிர்ப்பிக்காது. அதனால் இன்னொரு வரிசையில், நொதியையும் சேர்மத்தையும் முதலில் பத்து நிமிடம் ஒன்றாக வைத்து, தடுப்பு இருப்பதை உறுதிசெய்துகொண்டு, பிறகு ட்ரைட்டானை ஊற்றினார் மாணவி. வேகம் திரும்பி வந்தது. பாடப்புத்தகங்கள் இதற்குச் சொல்லும் நீர்த்தல் சோதனையை வேண்டுமென்றேதான் செய்யவில்லை. அதில் நொதியை நூறு மடங்கு செறிவாக வைத்துத் தடுப்பானோடு சேர்த்த பிறகு நீர்க்கச் செய்வார்கள். இந்தச் சேர்மத்தின் கணக்குப்படி அத்தனை நொதி இருந்தால் ஆரம்பத்திலேயே தடுப்பு தெரியாது. எதையும் காட்டாத ஒரு சோதனையை "மீள்கிறது" என்று வாசித்துவிடுவோம்.

அப்புறம், சேர்மத்தை மட்டும் பஃபரில் கலந்து மைக்ரோஃபியூஜில் (துகள்களை அடியில் படியவைக்கும் சிறு சுழற்றி) உச்ச வேகத்தில் சுற்றி, மேல்நீரை எடுத்துப் பார்த்தபோது தடுப்புத் திறன் பெருமளவு போயிருந்தது. துகள் அளவைக் காட்டும் ஒளிச்சிதறல் கருவி அந்தக் கல்லூரியில் இல்லை. நொதி அளவு, ட்ரைட்டான், சுழற்சி மூன்றும் ஒரே பக்கம் கை காட்டியதால் அதற்காக வேறு ஊருக்குக் குழாயை அனுப்ப வேண்டியிருக்கவில்லை. பி.எஸ்.ஏ. (மாட்டு இரத்தப் புரதம்) சேர்த்தும் பார்க்கலாமா என்று வழிகாட்டி கேட்டார். வேண்டாம் என்றேன். அந்தப் புரதம் ஃபிளாவனாய்டுகளைத் தானே நன்றாகப் பிடித்துக்கொள்ளும். தடுப்பு போனால் திரள் மறைந்ததாலா, சேர்மம் கரைசலிலிருந்து குறைந்ததாலா என்று தெரியாது.

திருத்தி அளந்தது

இப்போதுதான் வகை என்ற கேள்வியைக் கேட்க முடிந்தது. எல்லாக் குழியிலும் 0.01 சதவீதம் ட்ரைட்டான், டி.எம்.எஸ்.ஓ. (சேர்மத்தைக் கரைக்கும் கரைப்பான்) ஒரே அளவு. தளப்பொருள் 0.05 முதல் 2 மில்லிமோலார் வரை, கே-எம்முக்குக் கீழே மூன்று செறிவு, மேலே நான்கு. ஒவ்வொரு தடுப்பான் செறிவுக்கும் அதே செறிவில் நொதியில்லாத பிளாங்க். குறைந்த செறிவுக் குழிகளில் 2, 3, 5 நிமிடங்களில் தனித்தனியாக நிறுத்தி, ஏற்றம் நேர்கோடாக இருக்கிறதா என்று பார்த்தார்.

மால்டோஸ் வரிசை எதிர்பார்த்தபடி வந்தது: கே-எம் ஏறியது, வி-மேக்ஸ் அசையவில்லை. காம்பெடிட்டிவ் தடுப்பு ஒன்று இருந்தால் இந்த ஏற்பாடு அதைக் காட்டிக்கொடுக்கும் என்ற நம்பிக்கை அதில் கிடைத்தது.

சேர்மத்தின் வரிசையில், ட்ரைட்டானோடு தடுப்பு தெரிய 100 மைக்ரோமோலாருக்குப் போக வேண்டியிருந்தது. 150-க்கு மேல் கண்ணுக்கே கலங்கல் தெரிந்ததால் அங்கே நின்றுவிட்டோம். 150-இல், 0.05 மில்லிமோலார் தளப்பொருளில் தடுப்பு 40 சதவீதத்தை ஒட்டி. 2 மில்லிமோலாரில் 10-க்கும் குறைவு. தளப்பொருள் ஏற ஏறத் தடுப்பு தேய்கிறது. முதலில் வந்த விடைக்கு நேர்மாறு.

உடனே காம்பெடிட்டிவ் என்று எழுதிவிடலாமா என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. எல்லாத் தரவையும் ஒன்றாகப் போட்டுக் காம்பெடிட்டிவ் சமன்பாட்டையும் மிக்ஸ்ட் சமன்பாட்டையும் பொருத்திப் பார்த்தோம். காம்பெடிட்டிவ் சமன்பாடு சுமார் 200 மைக்ரோமோலார் கே-ஐ கொடுத்தது. அளந்த உச்சச் செறிவே அதற்குக் கீழே என்பதைக் கவனிக்க வேண்டும். மிக்ஸ்ட் சமன்பாட்டில் இரண்டாவது மாறிலியின் நம்பக எல்லைக்கு மேல்முனையே இல்லை. அதாவது தளப்பொருள் ஏறிய நொதியோடு இந்தச் சேர்மம் பிணைகிறதா இல்லையா என்று தரவுக்குத் தெரியவில்லை. உயர்ந்த தளப்பொருள் செறிவில் கிடைத்த 8 சதவீதத் தடுப்பும் அளவீட்டுப் பிழையும் கிட்டத்தட்ட ஒரே அளவு. அதிலிருந்து வி-மேக்ஸ் குறைகிறது என்றோ குறையவில்லை என்றோ சத்தியம் செய்ய முடியாது.

முடிவும் அதன் பின்னும்

ஆய்வேட்டில் எழுதப்பட்டது இது: டிட்டர்ஜென்ட் இல்லாத நிலையில் காணப்படும் தடுப்பு திரள்களால் வருவது, அதற்கு வகை குறிப்பிடப்படவில்லை. டிட்டர்ஜென்ட் உள்ள நிலையில் பலவீனமான தடுப்பு இருக்கிறது. அதில் காம்பெடிட்டிவ் கூறு உண்டு. வி-மேக்ஸ் மேல் விளைவு இருக்கிறதா என்பது இந்தச் செறிவு வரம்பில் தீர்மானிக்க முடியாதது. பழைய லைன்வீவர்-பர்க் படத்தை நீக்காமல், எப்படி வந்தது என்ற விளக்கத்தோடு பின்னிணைப்பில் வைத்தார்கள். அது நல்ல முடிவு என்று நினைக்கிறேன்.

கட்டுரை அனுப்புவது நின்றது. வழிகாட்டிக்கு அது வருத்தம்தான். மதிப்பீட்டுக் காலத்தில் ஒரு கட்டுரை குறைவது சின்ன விஷயமில்லை. மாணவி வாய்மொழித் தேர்வில் பெரும்பகுதி நேரம் நொதி அளவுச் சோதனையைப் பற்றித்தான் பேச வேண்டியிருந்தது. புறத்தேர்வாளர், "அப்படியானால் உங்கள் சேர்மம் வேலை செய்யவில்லை, அவ்வளவுதானே?" என்று கேட்டிருக்கிறார். ஈஸ்ட் நொதியில் பலவீனமாகச் செய்கிறது, குடல் நொதியில் இன்னும் பார்க்கவில்லை என்று பதில் சொல்லியிருக்கிறார் அவர்.

அடுத்த முறை மாறுவது

அந்த ஆய்வகத்தில் இப்போது ட்ரைட்டான் அஸ்ஸே பஃபரிலேயே சேர்ந்துவிட்டது. வகை கேட்பதற்கு முன் நொதி அளவை மாற்றிப் பார்ப்பது கட்டாயம். ஒரு பிளேட்டில் பாதி வரிசை போதும், அரை நாள் வேலை. தளப்பொருள் செறிவுகளைத் தேர்ந்தெடுக்கும் முன் கே-எம்மை ஒரு தோராய ஓட்டத்தில் தெரிந்துகொள்கிறார்கள்.

கச்சாச் சாற்றுக்கு மட்டும் ஒரு தனி விதி வைத்தார்கள்: வகை சொல்வதே இல்லை. சாற்றில் பத்து சேர்மங்கள் பத்து விதமாகத் தடுத்துக்கொண்டிருக்கும்; டானின்கள் புரதத்தைப் படியவும் வைக்கும். அதற்கு ஒரு கே-ஐ கண்டுபிடித்து மைக்ரோகிராமில் எழுதுவதை நான் எப்போதும் எதிர்த்திருக்கிறேன். இங்கே அது சுலபமாக ஒப்புக்கொள்ளப்பட்டது.

ஈஸ்ட் நொதிக்குப் பதில் எலிக் குடல் அசிட்டோன் பொடியிலிருந்து (அசிட்டோனால் உலர்த்திய குடல் பொடி) மால்டேஸ், அதாவது மால்டோஸை உடைக்கும் குடல் நொதி, எடுத்து அளக்க வேண்டும் என்பது அடுத்த திட்டம். அதில் தளப்பொருள் மால்டோஸ், வெளிவரும் குளுக்கோஸை அளப்பது குளுக்கோஸ் ஆக்சிடேஸ்-பெராக்சிடேஸ் கிட். பெராக்சிடேஸ் வினையில் ஃபிளாவனாய்டுகள் தாமே குறுக்கிடும் என்பதால், தெரிந்த அளவு குளுக்கோஸோடு சேர்மத்தைச் சேர்த்துக் கிட் சரியாகப் படிக்கிறதா என்று முதலில் பார்க்கும்படி சொல்லியிருக்கிறேன். பொடிக்கு ஆர்டர் போயிருக்கிறது. அந்த மாணவியின் ஜூனியர் ஒருவர் அந்த வேலையை எடுத்துக்கொண்டிருக்கிறார்.